'நே' இல்லாத இந்துஸ்தானி

ஓசூர்ப் பக்கத்துப் பேரிகைக் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கும் பாய் வீட்டில் நான்கு மொழி புழங்குகிறது. கடைக்கு வருகிறவர்களோடு தமிழும் தெலுங்கும், எல்லை தாண்டி மாலூருக்குப் போனால் கன்னடம், வாசற்படிக்கு உள்ளே தக்கனி உருது. அவருடைய பேத்தி இந்தித் தேர்வு ஒன்றுக்குப் படிக்கிறாள். போன மாதம் தன் பயிற்சி நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். 'நான் ரொட்டி தின்றேன்' என்பதை 'மை ரொட்டி காயா' என்று எழுதியிருந்தாள். அதைச் சிவப்பு மையால் குறுக்கே அடித்து, மேலே 'மைனே ரொட்டி காயீ' என்று திருத்தியிருந்தது. "எங்க வீட்ல எல்லாரும் இப்படித்தான் சார் பேசறோம். அப்ப பாட்டி பேசறது தப்பா?" என்று கேட்டாள்.

அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. புத்தக இந்தியில் இறந்தகாலச் செயப்படுபொருள் குன்றா வினை வந்தால் எழுவாய் 'நே' என்ற உருபை ஏற்கும், வினை எழுவாயை விட்டுவிட்டுச் செயப்படுபொருளோடு இசையும், ரொட்டி பெண்பால் என்பதால் 'காயா' 'காயீ' ஆகும் என்று விதியை மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். விதி யாருடையது, யாருக்காக எழுதப்பட்டது என்ற கேள்வி பிறகுதான் உறைத்தது. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் சூரத், சென்னை, கடலூர், கல்கத்தா என்று சுற்றிவிட்டு, கடைசியில் நம்முடைய ராயக்கோட்டைப் பாதைக்கே திரும்பி வரவேண்டியிருக்கிறது.

இந்திக்கும் உருதுவுக்கும் பொதுவான இந்துஸ்தானிக்கு ஐரோப்பியர் எழுதிய இலக்கணங்களில் நமக்குக் கிடைத்தவற்றுள் மூத்தது டச்சு மொழியில் எழுதப்பட்டது. ஆசிரியர் யோவான் யோசுவா கெட்டலார், பால்டிக் கரையில் எல்பிங் நகரில் 1659-இல் பிறந்தவர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியராகச் சூரத்துக்கு வந்து, படிப்படியாக உயர்ந்து, முகலாயப் பேரரசர் பகதூர் ஷாவின் அவைக்கே தூதராகப் போனவர். அவருடைய நூலுக்கு 1698-இல் லக்னோவில் எடுத்த கையெழுத்துப் படி ஒன்று இருக்கிறது. அது அச்சேறக் காத்திருந்த காலம் நெடிது. 1743-இல்தான் டாவிட் மில் என்ற அறிஞர் அதை லத்தீனாக்கி லைடன் நகரில் வெளியிட்டார். கெட்டலாருக்கு வேண்டியிருந்தது சரக்கும் சலுகையும். தரகரிடம் பேச வேண்டும், சுங்கச்சாவடியில் பேச வேண்டும், அரசவையில் வாய் திறக்க வேண்டும். அதனால் அவருடைய இந்துஸ்தானியில் குஜராத்தி வாடை வீசுகிறது. 'ஆப்' என்ற சொல்லுக்குக் கேட்பவரையும் உள்ளடக்கிய 'நாம்' என்ற பொருளைக் கொடுக்கிறார். அது குஜராத்தி வழக்கு. 'நே' உருபைப் பற்றி அவரிடம் பேச்சே இல்லை.

அடுத்தவர் நம் மண்ணில் இருந்து எழுதியவர். ஹாலே நகரத்து லூத்தரன் மிஷனரி பெஞ்சமின் சூல்ட்ஸே 1719-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். 1728 முதல் இங்கிலாந்தின் கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்தின் ஆதரவில் சென்னையில் பணி செய்தார். தமிழும் தெலுங்கும் கற்று, தெலுங்குக்கு இலக்கணமும் எழுதியிருந்த அவருக்கு, சென்னைத் தெருக்களில் மூன்றாவதாக ஒரு மொழி கேட்டது. ஆற்காட்டு நவாபின் சிப்பாய்களும் குதிரைக்காரர்களும் சிறு வியாபாரிகளும் பேசிய மொழி அது. ஔரங்கசீப்பின் படைகள் 1687-இல் கோல்கொண்டாவை விழுங்கிய பிறகு சோழமண்டலக் கரையில் அதிகாரத்தின் காலடியோடு பரவிய தக்கனி. சூல்ட்ஸே அதற்கு லத்தீனில் இலக்கணம் எழுதி 1741-இல் முன்னுரை முடித்தார். 1745-இல் ஹாலேயில் அது அச்சானது. பதிப்பித்தவர் காலன்பெர்க். யூதரையும் முஸ்லிம்களையும் மதம் மாற்றுவதற்கென்றே அங்கே நிறுவனம் நடத்தியவர். ஆக, சென்னையில் கேட்ட பேச்சு, ஹாலேயில் அச்சாகி, நபிவழி மக்களுக்கு விவிலியம் சொல்லும் கருவியாக ஆனது.

ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, இந்திய மொழிக் கணக்கெடுப்பை நடத்திய கிரியர்சன் இந்த இருவரையும் மதிப்பிட்டார். சூல்ட்ஸே நாவளை ஒலிகளைப் பிரித்துக் காட்டவில்லை, மூச்சொலிகளை ஒலிபெயர்ப்பில் விட்டுவிட்டார், 'நே' உருபை அறியவில்லை என்பது அவர் சொன்ன குறை. கெட்டலாருக்கும் 'நே' தெரியாது என்றார். அதன் பிறகு எழுதிய பலர் இதை அப்படியே எடுத்துச் சொல்லி வருகிறார்கள்.

நான் இங்கே நிற்கிறேன். சூல்ட்ஸே கேட்டது டில்லிப் பேச்சு அல்ல, சென்னையின் தக்கனி. தக்கனி தென்னாட்டில் தமிழோடும் தெலுங்கோடும் கன்னடத்தோடும் ஆறு நூற்றாண்டுகளுக்கு மேல் குடியிருந்த மொழி. திராவிட மொழிகளில் 'நான் தின்றேன்' என்றால் வினை 'நான்' என்பதோடுதான் போகும். தக்கனியும் அந்த வழியில் வந்து, 'நே'யைப் பெரும்பாலும் உதறிவிட்டது. மூச்சொலியையும் தளர்த்திக்கொண்டது. டில்லிக்காரர் 'முஜ்ஹே' என்று மூச்சு விட்டுச் சொல்வதைத் தக்கனி 'முஜே' என்று முடித்துக்கொள்ளும். பாய் வீட்டுப் பாட்டி, "ஆதூம் போல்கே போல்யா" என்பார். 'வரேன்னு சொன்னான்' என்பதுதான் அது, சொல்லுக்குச் சொல். 'என்று' இருக்குமிடத்தில் 'போல்கே'. இப்படி ஒரு மொழியை முன்னால் உட்காரவைத்து எழுதியவர் 'நே' பற்றி எழுதாமல் விட்டது அறியாமையா, காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதிய நேர்மையா? நாவளை ஒலி விஷயத்தில் அவர் தவறியது உண்மை. தமிழ் தெரிந்த மனிதருக்கு 'ட'வும் 'த'வும் ஒன்றாகத் தோன்றியிருக்கக் கூடாது. மற்ற இரண்டிலும் அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது டில்லி-லக்னோ அளவுகோல்தான் என்று நினைக்கிறேன். அந்த அளவுகோல் எப்போது, எங்கே செய்யப்பட்டது என்பதில்தான் அரசியல் இருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் மொழியைக் கற்பவர் மாறிப்போனார். வியாபாரியும் பாதிரியும் இருந்த இடத்துக்குப் படைத்தலைவன் வந்தான். பிளாசிப் போருக்குப் பின் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் வங்காளப் படை பெருகியது. அவதிலிருந்தும் காசி, பீகார்ப் பக்கத்திலிருந்தும் சிப்பாய்கள் சேர்ந்தார்கள். அவர்களை நடத்திய ஜார்ஜ் ஹாட்லி என்ற அதிகாரி, சிப்பாய்களின் பேச்சு தெரியாமல் தன் கடமையைச் செய்ய முடியாது என்று கண்டு, தன் உபயோகத்துக்காக எழுதிக்கொண்ட குறிப்புகளை 1772-இல் லண்டனில் நூலாக்கினார். தலைப்பிலேயே, 'மூர்ஸ்' என்று வழங்கும் இந்துஸ்தான் மொழியின் நடைமுறைப் பாமர வழக்கு என்று அறிவித்தார். நூல் பல பதிப்பு கண்டது.

'மூர்ஸ்' என்ற பெயரைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஸ்பெயினிலும் மொராக்கோவிலும் கண்ட முஸ்லிம்களுக்குப் போர்த்துகீசியர் வைத்த பெயரைக் கொண்டுவந்து இந்த மொழிக்குச் சூட்டினார்கள். ஒரு மொழியை அதைப் பேசும் ஒரு கூட்டத்தின் மதத்தால் அழைக்கும் பழக்கம். நம் ஊர்களிலும் பழைய தலைமுறை தக்கனியைத் 'துலுக்குப் பேச்சு' என்றது. பாய் வீட்டார் அந்தச் சொல்லைக் கேட்கும்போது முகம் வாடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பெயரை எதிர்த்து முழு மூச்சாக நின்றவர் ஜான் பார்த்விக் கில்கிறிஸ்ட். எடின்பரோவில் 1759-இல் பிறந்த மருத்துவர். 1782-இல் பம்பாய்க்கு வந்து, கும்பினிப் படையோடு நெடுந்தூரம் நடந்து, போன ஊரிலெல்லாம் ஏதோ ஒரு வடிவில் இந்த மொழி புரிகிறது என்று கண்டுகொண்டார். 1786-இலிருந்து அகராதி, 1796-இல் இலக்கணம் என்று வெளியிட்டார். ஹாட்லி போன்றோர் எழுதியதெல்லாம் வேலைக்காரரோடு பேசும் சிதைந்த கலப்பு, 'இந்துஸ்தானி' என்பதுதான் சரியான பெயர், அதற்குக் கவிஞர்கள் உண்டு, தரம் உண்டு என்பது அவர் வாதம். தன் இலக்கணத்தில் கவிஞர் சௌதாவின் பாடல் வரிகளை எடுத்துக்காட்டாக வைத்தார். சிப்பாய்ப் பேச்சு என்று தள்ளிய மொழிக்கு ஓர் ஐரோப்பியர் கொடுத்த முதல் பெரிய மரியாதை அது. அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அதே மனிதர்தான் மொழியை மூன்று தட்டாக அடுக்கினார். மேல்தட்டில் பாரசீகம் மிகுந்த அரசவை நடை, நடுவில் உண்மையான இந்துஸ்தானி, அடியில் பாமரரின் 'ஹிந்தவி'. ஹிந்தவி முஸ்லிம்கள் வருவதற்கு முன்பிருந்த இந்துக்களின் தனிச் சொத்து, அதன்மேல் அரபும் பாரசீகமும் கட்டிய மாடிதான் இந்துஸ்தானி என்று ஒரு வரலாற்றையும் சொன்னார். நாட்டை இரண்டு மதங்களாகப் பிரித்துப் பார்த்த கும்பினியின் கண்ணாடி வழியாக மொழியும் இரண்டாகத் தெரிந்தது.

இப்போது ராயக்கோட்டைக்கு வருகிறேன். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாரமகாலைக் கும்பினிக்கு விட்டுக்கொடுத்தார். அதோடு கிருஷ்ணகிரி போனது, ஓசூர்ப் பக்கத்து மேட்டு நிலம் திப்புவிடமே நின்றது. பாரமகாலை ஆளச் சென்னையின் சிவில் உத்தியோகஸ்தர்களை அனுப்பாமல், அலெக்சாண்டர் ரீட் என்ற படை அதிகாரியையும் அவர் கீழ் தாமஸ் மன்றோ முதலிய படை அதிகாரிகளையும் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் நியமித்தார். சிவில்காரர்களுக்கு நாட்டு மொழிகள் தெரியவில்லை என்பது ஒரு முக்கியக் காரணம். மன்றோவோ இந்துஸ்தானியும் பாரசீகமும் படித்தவர். மொழி தெரிந்தவன் கையில் நிலம் போனதை இதைவிடக் கிட்டத்தில் காட்ட முடியாது. உழவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறையின் முதல் அளவைகள் இந்த மண்ணில்தான் விழுந்தன. அந்தக் கணக்குகளுக்குப் பின்னால் துபாஷிகளையும் முன்ஷிகளையும் நம்பி நிற்க விரும்பாத ஓர் அதிகாரக் கூட்டம் இருந்தது. இலக்கண நூல் அவர்களுக்கு இடையாளை விலக்கும் கருவி.

1799 மார்ச்சில் கும்பினி ஜெனரல் ஹாரிஸின் படை ராயக்கோட்டை வழியாக மைசூருக்குள் ஏறியது. மே 4-ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு மாண்டார். ஓசூர்ப் பக்கமும் கும்பினிக்குப் போனது. அடுத்த ஆண்டு கல்கத்தாவில், கும்பினி அதிகாரிகளுக்கு நாட்டு மொழிகள் கற்பிக்க, வில்லியம் கோட்டைக் கல்லூரியைக் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி தொடங்கினார். அதற்கான சட்டம் 1800 ஜூலையில் பிறந்தது. ஆனாலும் அதன் தேதியை 1800 மே 4 என்று போடச் சொன்னார். ஸ்ரீரங்கப்பட்டண வெற்றியின் முதலாண்டு நிறைவு நாள். ஓர் இலக்கணக் கல்லூரியின் பிறந்தநாளாக ஒரு முற்றுகையின் நாளை வைத்தார்கள். காலனிய அரசியலுக்கும் இலக்கணத்துக்கும் என்ன உறவு என்று யாராவது கேட்டால் நான் இந்தத் தேதியைத்தான் காட்டுவேன்.

அது மட்டுமல்ல. திப்புவின் நூலகத்தில் இருந்த ஏறத்தாழ 2,000 கையெழுத்து நூல்களில் பெரும்பகுதி அந்தக் கல்லூரிக்குப் போனது. சார்லஸ் ஸ்டூவர்ட் அவற்றுக்கு 1809-இல் விளக்க அட்டவணை வெளியிட்டார். அந்தத் தொகுதியில் தக்கனி நூல்களும் இருந்தன. அதாவது, தென்னாட்டு இந்துஸ்தானியின் எழுத்துச் சொத்து கல்லூரிக்குள் அலமாரியில் இருக்கிறது. பக்கத்து அறையில் மொழியின் தரத்தை நிர்ணயிக்கிறார்கள். அங்கே தக்கனிக்கு நாற்காலி இல்லை. இந்துஸ்தானிப் பேராசிரியர் கில்கிறிஸ்ட் வைத்திருந்த முன்ஷிகள் வடக்கத்தியர்: டில்லியின் மீர் அம்மன், ஷேர் அலி அஃப்சோஸ், ஆக்ராவின் லல்லுலால். மீர் அம்மன் தன் 'பாக்-ஓ-பஹார்' முன்னுரையில், தலைமுறை தலைமுறையாக டில்லியில் வேர்விட்ட தன் பேச்சுதான் அசல் என்று உரிமை கொண்டாடுகிறார். அந்த உரிமைக்குக் கும்பினியின் அச்சுக்கூடம் முத்திரை குத்தியது.

தக்கனிக்கு எழுத்து மரபு இல்லாமலா இது நடந்தது? கோல்கொண்டாவில் முல்லா வஜ்ஹி 1635-இலேயே 'சப்ரஸ்' என்ற உரைநடை நூலை எழுதிவிட்டார். டில்லியில் இந்த மொழியில் கவிதை எழுதலாம் என்ற தைரியத்தைக் கொடுத்தவரே தெற்கிலிருந்து போன வலி தக்கனி என்பது உருது இலக்கிய வரலாற்றில் எல்லோரும் ஒப்பும் செய்தி. மூத்த பிள்ளைக்கு வீட்டில் பங்கு இல்லாமல் போனது.

சென்னையும் சும்மா இருக்கவில்லை. 1790-இலேயே இங்கே ஹென்றி ஹாரிஸின் ஆங்கில-இந்துஸ்தானி அகராதி அச்சானது. கடலூரில் பயிற்சி பெற்ற கும்பினியின் இளம் படை மாணவர்களுக்காகக் கர்நாடகப் பகுதியில் பேசப்படும் இந்துஸ்தானிக்கு 1808-இல் ஓர் அறிமுக நூல் வந்தது. ஆற்காட்டு நவாபின் ஆட்சிப் பகுதியைத்தான் அன்று கர்நாடகம் என்றார்கள். 'கர்நாடகப் பகுதியில் பேசப்படும்' என்று தலைப்பிலேயே ஒப்புக்கொண்ட அந்தச் சிறு நூலைப் பெரிய வரலாறுகள் கண்டுகொள்வதில்லை. 1812-இல் கும்பினி அதிகாரி எல்லிஸின் முயற்சியால் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி பிறந்தபோது சென்னையின் கவனம் தமிழுக்கும் தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் திரும்பியது. அது நமக்கு நல்லதாகவே முடிந்தது. திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்ற சான்று 1816-இல் அங்கிருந்துதான் வந்தது. தக்கனி மட்டும் இரண்டு கல்லூரிக்கும் நடுவே விழுந்துவிட்டது.

இலக்கணத்துக்கும் காலனிய அரசியலுக்கும் உள்ள உறவை ஆராய்ந்தவர்கள் ஒரே குரலில் பேசவில்லை. பெர்னார்டு கோன் 1985-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், இந்த இலக்கணங்களும் அகராதிகளும் கட்டளையிடுவதற்கான மொழியை உண்டாக்கின, இந்திய அறிவை ஐரோப்பியப் பண்டமாக மாற்றின என்றார். படித்தவர் யாரும் அதை எளிதில் மறக்க முடியாது. அந்த நூல்களில் சமையற்காரனோடும் பல்லக்குத் தூக்கிகளோடும் நடக்கும் உரையாடல்களில் ஏவல் வினைதான் கொடிகட்டிப் பறக்கிறது. என்றாலும் கெட்டலார் காலத்து டச்சுக்காரர் கட்டளையிடும் நிலையில் இல்லை, பேரரசர் வாசலில் காத்துக்கிடந்தவர். அவரையும் ஹாட்லியையும் ஒரே கயிற்றில் கட்ட முடியாது. ரிச்சர்ட் ஸ்டெட்மன்-ஜோன்ஸ் கில்கிறிஸ்டைப் பற்றி 2007-இல் எழுதிய நூல் வேறு வழியில் போகிறது. கிரேக்க, லத்தீன் இலக்கணத்தின் கௌரவத்தை இந்துஸ்தானிக்கும் வாங்கித் தர முயன்ற மனிதரின் ஆசையும் தடுமாற்றமும் அதில் தெரிகின்றன. ஷம்சுர் ரஹ்மான் ஃபாரூக்கி, ஒரே மொழியின் பழைய பெயரான 'ஹிந்தி'யைப் பிடுங்கி இன்னொன்றுக்குக் கொடுத்ததில் ஆங்கிலேயர் பங்கு பெரிது என்றார். கிறிஸ்டோபர் கிங் எழுத்துவடிவச் சண்டையின் பக்கம் கையைக் காட்டுகிறார். 1837-இல் நீதிமன்றங்களிலிருந்து பாரசீகம் விலகியதும், 1900-இல் வடமேற்கு மாகாணத்தில் நாகரி எழுத்துக்கு அனுமதி வந்ததும்தான் இந்தி-உருதுப் பிளவை ஆழமாக்கின என்பது அவர் நூல் தரும் சித்திரம். எனக்கு இதில் கிங் பக்கமே சாய்வு. பாரசீகச் சொற்களைத் தவிர்த்து லல்லுலால் எழுதிய 'பிரேம் சாகர்' வந்த அன்றே யாரும் இரண்டு மொழியாகப் பிரிந்துவிடவில்லை. பாடநூலாக அது பல ஆண்டு ஓடிய பிறகு பிரிந்தார்கள். இன்றைய இந்திக்கு அடிப்படையான கரிபோலி உரைநடையும் கல்கத்தாவில் பிறந்ததல்ல. ராம்பிரசாத் நிரஞ்சனியின் 'பாஷா யோகவாசிஷ்டம்' 1741-இலேயே எழுதப்பட்டது. சூல்ட்ஸே சென்னையில் முன்னுரை முடித்த அதே ஆண்டு.

இந்த விவாதங்கள் எல்லாமே இந்தி-உருது என்ற வடக்கத்துச் சண்டைக்குள்ளேயே சுழல்கின்றன என்பதுதான் என் மனக்குறை. தெற்குப் பேச்சு எப்படிப் 'பிழை' ஆயிற்று என்பதற்கு அங்கே இடம் சின்னது. தமிழோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். சீகன்பால்குவின் தமிழ் இலக்கணம் 1716-இல் அதே ஹாலேயில் லத்தீனில் அச்சானது. வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கும் செந்தமிழுக்கும் தனித்தனியே எழுதினார். ஆனால் அவர்கள் எதிரே தொல்காப்பியமும் நன்னூலும் நின்றன, நன்னூல் சொல்லிக்கொடுக்கும் புலவர்கள் இருந்தார்கள். வந்தவர் எதைச் சொன்னாலும் 'எங்கள் நூல் இப்படிச் சொல்கிறது' என்று சொல்ல ஆள் இருந்தது. இந்துஸ்தானிக்கு அப்படி ஓர் இலக்கணப் பின்பலம் அன்று இல்லை. இந்தியர் ஒருவர், இன்ஷா அல்லா கான், அதற்கு எழுதிய இலக்கணம் 1808-இல்தான் முடிந்தது. அதுவும் பாரசீகத்தில், அதுவும் லக்னோவில். காலியாகக் கிடந்த நாற்காலியில் கும்பினி உட்கார்ந்துகொண்டது.

ஓசூர்ப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதும், அதை எதிர்த்துச் சிறை சென்ற நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் உயிர்விட்டதும், 1940-இல் உத்தரவு விலகியதும் நமக்குப் பாடமாகத் தெரிந்தவை. அந்தப் போராட்டம் வேறு பெரிய கதை. இங்கே ஒன்றை மட்டும் சொல்கிறேன். அன்று பள்ளிக்கு வந்த இந்தி, ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் வீட்டுக்குள் புழங்கிய தக்கனியை அடித்தளமாகக் கொண்டு வரவில்லை. ஆக்ராவும் கல்கத்தாவும் சீவி எடுத்த வடிவம் நேரே வந்து இறங்கியது.

இன்று பேரிகையைச் சுற்றி ரோஜாப் பசுமைக்குடில்கள். அவற்றிலும் ஓசூர்ச் சிப்காட்டிலும் பீகாரிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வந்த பையன்கள் வேலை செய்கிறார்கள். ஒரு பசுமைக்குடில் மேஸ்திரி சட்டைப்பையில் சின்ன நோட்டு வைத்திருக்கிறார். தமிழ் எழுத்தில் இந்தி: உட்டாவோ, ரக்கோ, காட்டோ, ஜல்தி கரோ, கல் ஆனா. எல்லாம் ஏவல். அவருக்குப் புரியாமல் போகும்போது தையல்கடைப் பாயைத்தான் கூப்பிடுவார்.

போன வாரம் அப்படிக் கூப்பிட்டபோது பேத்தியும் கூடவே போயிருக்கிறாள். பூ வெட்டும் பையன் மதியம் சாப்பிட்டாயிற்றா என்று பாய் கேட்டிருக்கிறார். சப்ராவுக்குப் பக்கத்து ஊர்க்காரன், வீட்டில் போஜ்புரி பேசுகிறவன். "ஹம் கானா காயே" என்றானாம். போஜ்புரியிலும் 'நே' கிடையாது. ஹாட்லி கட்டளையிட்ட சிப்பாய்களில் பலரும் அந்தச் சீமையிலிருந்து வந்தவர்கள்தான்.

பேத்தி ஓடிவந்து என்னிடம் சொன்னாள்: "சார், அந்த அண்ணன் இந்திக்காரர்தானே? அவரும் 'நே' போடல சார்." பயிற்சி நோட்டை அவளிடம் வாங்கி, சிவப்புத் திருத்தத்துக்குக் கீழே பென்சிலால் அந்தப் பையன் சொன்ன வரியையும், அதற்கும் கீழே பாட்டி சொல்லும் வரியையும் எழுதிக் கொடுத்தேன்.